கணினிப் பாடம்: லினக்ஸ் லேப்டாப்பில் திரை வராவிட்டால்



திருமங்கலத்தில் நம் வீடுகளில் லினக்ஸ் ஓடும் லேப்டாப்புகள் கூடிக்கொண்டே வருகின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் வாங்கி வந்த லேப்டாப்புகள் சில இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்ற பெயரின் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்துச் சென்னையில் உருவாக்கியது அது. அன்று அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

இப்போது நிலைமை வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ எட்டு, ஒன்பது வருடத்துக்கு முந்தைய பெரும்பாலான இயந்திரங்களை ஏற்றுக்கொள்வதில்லை. புது லேப்டாப் வாங்க வசதி இல்லாத வீடுகளில் பிள்ளைகளே லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று எதையாவது போட்டுக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான். கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடமே நடக்கிறது. காசு செலவில்லை, வைரஸ் தொல்லை குறைவு, 4 ஜிபி ராம் உள்ள பழைய இயந்திரத்திலும் ஓடும்.

ஆனால் ஒருநாள் காலையில் பவர் பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகவே நிற்கும். அல்லது மூலையில் ஒரு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னும். அல்லது பாஸ்வேர்டு கேட்கும், சரியாகத் தட்டினாலும் ஒரு நொடி இருண்டுவிட்டு மறுபடியும் பாஸ்வேர்டையே கேட்கும். "அத்தா, லேப்டாப் செத்துப்போச்சு" என்று பிள்ளை வந்து நிற்கும். அத்தா அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார். கடைக்காரருக்குப் பழக்கம் விண்டோஸ்தான். "ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும் பாய்" என்பார். அவர் ஏமாற்றுகிறார் என்று நாங்கள் சொல்லவில்லை, தெரிந்ததைச் செய்கிறார். சாயங்காலம் லேப்டாப் ஓடும். உள்ளே இருந்தவை இருக்காது.

உள்ளே என்ன இருந்தது என்பதுதான் விஷயம். ஸ்காலர்ஷிப்புக்கு ஸ்கேன் செய்த சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிள்ளையின் ப்ராஜெக்ட், மௌத்தாகிப் போன நன்னியின் போட்டோக்கள். ஜமாஅத் அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் நிக்காஹ் பதிவேட்டின் நகல்களும் வக்ஃபுப் பத்திரங்களும். மத்திய அரசு 2025 ஜூனில் உமீத் இணையதளத்தைத் தொடங்கிய பிறகு ஊர் ஊராக ஜமாஅத்துகள் பழைய பத்திரங்களைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்தது எல்லோருக்கும் தெரியும். அந்த நகல் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் மட்டும் இருந்து, அதை ஃபார்மட் செய்துவிட்டால் அந்த உழைப்பு அவ்வளவும் போச்சு. இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டுப் பெண்களின் போட்டோக்கள் இருக்கும் லேப்டாப்பை நாள்கணக்கில் வெளியே விட்டு வைக்கப் பல குடும்பங்களுக்கு மனம் வருவதில்லை. அந்தத் தயக்கத்தில் தவறு இல்லை.

அதனால் இந்த மாதப் பாடத்தில், கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் வீட்டிலேயே என்ன பார்க்கலாம் என்று சொல்கிறோம். ஒரு ஸ்குரூவையும் கழற்ற வேண்டியதில்லை.

திரை வேறு, கம்ப்யூட்டர் வேறு

கரண்ட் போனால் பள்ளிவாசலில் மைக் வேலை செய்யாது. அதற்காக மோதினார் பாங்கு சொல்லாமல் இருப்பதில்லை. தெருக்கோடிக்குக் கேட்காது, அவ்வளவுதான். லினக்ஸிலும் அப்படித்தான். ஐகான்கள், ஜன்னல்கள், மவுஸ் அம்பு என்று நாம் பார்ப்பது எல்லாம் மேலே பொருத்திய மைக் மாதிரி. அது தனியான ஒரு மென்பொருள். அடியில் இருக்கும் லினக்ஸ் அது இல்லாமலேயே முழுமையாக ஓடும். உலகில் இணையதளங்களைத் தாங்கி நிற்கும் லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரையே கிடையாது.

இந்தப் பிரிவு இன்று நேற்று வந்தது இல்லை. 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எக்ஸ் விண்டோ சிஸ்டம் என்ற பெயரில் இந்தத் திரை மென்பொருளைத் தனியாக எழுதினார்கள். 1987-இல் வந்த அதன் 11-ஆம் பதிப்பின் வழிவந்ததைத்தான் இன்றும் பல லினக்ஸ்களில் பயன்படுத்துகிறோம். புதியவற்றில் வேலண்ட் என்ற மாற்று வந்துகொண்டிருக்கிறது. எதுவாக இருந்தாலும் ஏற்பாடு ஒன்றுதான்: முதலில் லினக்ஸ் எழும்பும், பிறகு அது திரை மென்பொருளை எழுப்பும், பிறகு பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் வரும், அதற்குப் பிறகே நம் டெஸ்க்டாப். இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் கோப்புகள் இந்தச் சண்டையில் சம்பந்தப்படவே இல்லை. அவை டிஸ்கில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் கையால் பார்ப்பது

பவர் பட்டனை அழுத்திய உடனே கம்பெனிப் பெயர் வருகிறதா? வந்தால் திரைக்கு ஒன்றும் இல்லை. அதுவே வரவில்லை என்றால் லினக்ஸ் மேல் பழி போட வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை லேப்டாப் திரைக்கு நெருக்கமாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னால் எரியும் விளக்கு போய்விட்டது. அது ஹார்டுவேர் வேலை, கடைக்குத்தான் போக வேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டு லேப்டாப் போய்விட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. ஒரு டிவியையோ மானிட்டரையோ கேபிளில் இணைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

கம்பெனிப் பெயர் வந்து, பிறகு இருண்டுவிட்டால் இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. பவர் பட்டனைப் பிடித்து அமுக்கி அணைப்பதை நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப அப்படி அணைப்பதே டிஸ்கில் புதுச் சிக்கலைக் கொண்டுவரும்.

பின்வாசல்

வீட்டுக்கு முன்வாசல் பூட்டிக்கொண்டால் கொல்லைப்புறமாகப் போகிறோம் இல்லையா? லினக்ஸிலும் ஒரு பின்வாசல் எப்போதும் உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்புகளில் எஃப்என் பட்டனையும் கூடப் பிடிக்க வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் "லாகின்" என்று வரும். உங்கள் யூசர் பெயரைச் சிறிய எழுத்தில் தட்டி என்டர். பிறகு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு தட்டும்போது புள்ளியோ நட்சத்திரமோ ஒன்றுமே தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். சரியாக இருந்தால் உங்கள் பெயரும் ஒரு டாலர் குறியும் வந்து நிற்கும். இதுவரை வந்துவிட்டால் பெரும்பாலும் இயந்திரத்துக்கும் டிஸ்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழுது மேல்மாடியில்தான். மறுபடி திரைப் பக்கத்துக்குப் போக மூன்றாவது பட்டனை மாற்றி, கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு எஃப்7 அல்லது எஃப்1 அழுத்த வேண்டும்.

இனி வரும் கட்டளைகளை, போனில் ஒருவர் சொல்ல இன்னொருவர் தட்டுவதுபோல், உச்சரிப்பாகவே எழுதியிருக்கிறோம். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. "இடைவெளி" என்ற இடத்தில் ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டவும். "சுடோ" என்று வரும் இடத்தில் எஸ், யூ, டி, ஓ என்ற நான்கு எழுத்து. இதற்குப் பிறகு பாஸ்வேர்டை மறுபடி கேட்கலாம். ஆங்கில எழுத்திலேயே வேண்டுவோருக்கு நம் டிரஸ்ட் நூலகத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறோம்.

டிஸ்க் நிரம்பிவிட்டதா?

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்களிடம் வந்த லேப்டாப்புகளில் அதிகம் கண்டதும் இதைத்தான். தட்டவும்: டி, எஃப், இடைவெளி, மைனஸ் குறி, ஹெச். என்டர். ஒரு பட்டியல் வரும். வலது ஓரத்தில் வெறும் சாய்வுக்கோடு மட்டும் உள்ள வரியைத் தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒரு சதவீதம் இருக்கும். 100 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

டிஸ்க் நிரம்பினால் படம் சேமிக்க இடம் இருக்காது, சரி; திரை ஏன் வராமல் போக வேண்டும்? பாஸ்வேர்டு சரி என்று ஆனதும் திரை மென்பொருள் உங்கள் ஃபோல்டரில் சில சின்னக் கோப்புகளை எழுதும். நுழைவுச்சீட்டு மாதிரி. எழுத ஒரு துளி இடமும் இல்லை என்றால் சீட்டு இல்லை. சீட்டு இல்லை என்றால் உள்ளே விடாது. திருப்பி வாசலுக்கே அனுப்பிவிடும். பாஸ்வேர்டு பக்கம் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். அப்படியானால் பின்வாசல் மட்டும் எப்படித் திறக்கிறது? எழுத்துத் திரையில் நுழைய எதையும் எழுத வேண்டியதில்லை. அது போக, லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்டி4 என்ற டிஸ்க் அமைப்பு வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கி வைக்கும். நமக்கு இடம் தீர்ந்தாலும் அடியில் இருக்கும் லினக்ஸுக்கு மூச்சுவிட இடம் இருக்கும். சமையலறையில் எடுக்கக் கூடாது என்று தனியே வைத்த ஒரு படி அரிசி மாதிரி.

இடம் உண்டாக்க, முதலில் தட்டவும்: சுடோ, இடைவெளி, ஏபிடி, இடைவெளி, க்ளீன். பழைய அப்டேட்டுகளுக்காக இறக்கி வைத்த கோப்புகளை மட்டும் இது நீக்கும். உங்கள் போட்டோவையோ பாடத்தையோ தொடாது. சில நூறு எம்பி முதல் ஒன்றிரண்டு ஜிபி வரை கிடைக்கும். உள்ளே நுழைய அதுவே போதும். பிறகு தட்டவும்: சுடோ, இடைவெளி, ரீபூட்.

லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதில் டைம்ஷிஃப்ட் என்ற வசதி உண்டு. அப்டேட் கோளாறு செய்தால் பழைய நிலைக்குத் திரும்ப, அவ்வப்போது சிஸ்டத்தின் நகலை எடுத்து வைக்கும். நல்ல வசதிதான், ஆனால் 120 ஜிபி டிஸ்கில் அது சத்தமில்லாமல் பல ஜிபியைத் தின்றுவிடும். சுடோ, இடைவெளி, டைம்ஷிஃப்ட், இடைவெளி, இரண்டு மைனஸ், அதோடு ஒட்டி டிலீட் என்று தட்டினால் நகல்களின் பட்டியலைக் காட்டி எதை நீக்குவது என்று கேட்கும். மிகப் பழையதை நீக்குங்கள். கடைசி ஒன்றை விட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீடியோவில் யாரோ சொன்னார்கள் என்று ஆர்எம் என்று தொடங்கும் கட்டளையை இங்கே தட்டாதீர்கள். எழுத்துத் திரையில் குப்பைத்தொட்டி கிடையாது. ஒரு இடைவெளி மாறி விழுந்தாலும் நாம் காப்பாற்ற வந்ததையே அழித்துவிடும். பெரிய சினிமாக் கோப்புகளை நீக்குவதை டெஸ்க்டாப் திரும்ப வந்த பிறகு, கண்ணால் பார்த்து, மவுஸால் செய்யலாம்.

டிஸ்கில் இடம் இருந்தும் பாஸ்வேர்டு பக்கமே சுற்றி வந்தால்

நாம் சொன்ன அந்த நுழைவுச்சீட்டு வேறு ஒருவர் பெயரில் போய்விட்டிருக்கலாம். சுடோ போட்டு மென்பொருள்களைத் திறக்கும் பழக்கம் உள்ள பிள்ளைகளின் லேப்டாப்பில் இது நடக்கும். பார்க்க: எல்எஸ், இடைவெளி, மைனஸ், எல்ஏ. வரும் பட்டியலில் புள்ளியில் தொடங்கி எக்ஸ்அதாரிட்டி என்று ஒரு பெயர் இருக்கும். இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. அந்த வரியில் உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்று இருந்தால், அதை அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும்: எம்வி, இடைவெளி, புள்ளியோடு அந்தப் பெயர், இடைவெளி, ஓல்டு. அடுத்த முறை நுழையும்போது திரை மென்பொருள் புதுச் சீட்டை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளும்.

அதிலும் சரியாகவில்லையா? சுடோ, இடைவெளி, ஆட்யூசர், இடைவெளி, ஏதாவது ஒரு புதுப்பெயர் என்று தட்டி இன்னொரு யூசரை உண்டாக்குங்கள். கேட்கும் கேள்விகளில் பாஸ்வேர்டைத் தவிர மற்றவற்றுக்கு வெறும் என்டர் போதும். அந்தப் புதுப் பெயரில் டெஸ்க்டாப் நன்றாக வந்தால் சிஸ்டத்தில் கோளாறு இல்லை; உங்கள் பழைய பெயரில் உள்ள ஏதோ ஒரு அமைப்பில்தான். புதுப் பெயரிலும் வரவில்லை என்றால் சிஸ்டத்தின் பக்கம்தான் பார்க்க வேண்டும். எது எது அல்ல என்று தெரிவது இந்த வேலையில் பாதி.

அப்டேட் நடுவில் கரண்ட் போனால்

நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்தும் நாட்கள் உண்டு, சொல்லாமல் போகும் நேரமும் உண்டு. பழைய லேப்டாப்புகளில் பேட்டரி செத்துப் பிளக்கில்தான் ஓடுகின்றன. அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் புது மென்பொருள் பாதி, பழையது பாதி என்று கிடக்கும். மறுநாள் திரை வராது. பின்வாசலில் நுழைந்து தட்டவும்: சுடோ, இடைவெளி, டிபிகேஜி, இடைவெளி, இரண்டு மைனஸ், அதோடு ஒட்டி கான்ஃபிகர், இடைவெளி, மைனஸ், ஏ. பாதியில் நின்றதை அது முடித்து வைக்கும். வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். தானாக நிற்கும்வரை விடவும். பேட்டரி இல்லாத லேப்டாப்பில் அப்டேட் போடுவதைப் பராமரிப்பு நாளன்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

கரண்ட் திடீரென்று போனதால் டிஸ்கின் கணக்கு குழம்பி, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு திரை நின்றுவிடுவதும் உண்டு. இது பின்வாசல் அல்ல, அதற்கும் முந்திய நிலை. இங்கே எதையும் தட்டும் முன் லேப்டாப்பில் காதை வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் ஹார்டு டிஸ்க்கே போகப் போகிறது. உடனே அணைத்துவிட்டு, கடைசியில் சொல்லும் பென் டிரைவ் வழிக்குப் போங்கள்.

எழுத்து எல்லாம் ஓடி முடிந்து அதன் பிறகு கறுப்பானால்

இது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் புதிதாக வந்த கெர்னலுக்கும் ஒத்துப்போகாத தகராறு. கெர்னல் என்பது லினக்ஸின் உள்மையம். அப்டேட் செய்த மறுநாளில் இருந்து கோளாறு என்றால் சந்தேகமே வேண்டாம். லினக்ஸ் இங்கே ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறது: புது கெர்னல் வந்தாலும் பழையதை உடனே தூக்கி எறியாது. லேப்டாப் எழும்பும்போது எஸ்கேப் பட்டனை விட்டுவிட்டுத் தட்டுங்கள். ரொம்பப் பழைய இயந்திரம் என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். க்ரப் என்ற பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் போனால் கெர்னல்கள் எண்ணோடு வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதியது. அடைப்புக்குறிக்குள் ரெகவரி என்று எழுதாத, இரண்டாவது எண்ணைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால், அடுத்த அப்டேட் வரும்வரை அதிலேயே ஓட்டலாம்.

அதுவும் உதவாவிட்டால் அதே க்ரப் பட்டியலில் முதல் வரியில் நின்று இ என்ற எழுத்தைத் தட்டவும். சில வரிகள் வரும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேருங்கள்: என், ஓ, எம், ஓ, டி, இ, எஸ், இ, டி. பிறகு எஃப்10. "கிராஃபிக்ஸ் சிப்பின் தனித்திறமை எதையும் பயன்படுத்தாதே, சாதாரணமாகப் படம் காட்டு" என்று கெர்னலுக்குச் சொல்கிறோம். படம் பெரிதாக, மந்தமாக வரலாம், பரவாயில்லை. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், அடுத்த முறை தானாக மறைந்துவிடும். அதனால் பயமில்லாமல் முயன்று பார்க்கலாம். தனி என்விடியா சிப் உள்ள லேப்டாப்புகளில் இது அதிகம் கைகொடுக்கும். உள்ளே போனதும் டிரைவர் மேனேஜர் மூலம் சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் திரை மென்பொருள் மட்டும் படுத்துவிட்டது என்றால் பின்வாசலில் தட்டவும்: சுடோ, இடைவெளி, சிஸ்டம்சிடிஎல், இடைவெளி, ரீஸ்டார்ட், இடைவெளி, டிஸ்பிளே மைனஸ் மேனேஜர். கடைசி இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. சில நொடியில் பாஸ்வேர்டு பக்கம் எழும்பி வரலாம். வராவிட்டால் ரீஸ்டார்ட் என்ற இடத்தில் ஸ்டேட்டஸ் என்று மாற்றித் தட்டி, வரும் எழுத்துகளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவரிடம் அந்த ஒரு போட்டோவைக் காட்டினால், "ஓடவே மாட்டேங்குது" என்று பத்துத் தடவை சொல்வதைவிடச் சீக்கிரம் வழி கிடைக்கும்.

பென் டிரைவ் வழி

இதுவரை எதுவும் பலிக்கவில்லை என்றாலும் கோப்புகளை எடுத்துவிடலாம். லினக்ஸை ஹார்டு டிஸ்கில் போடாமல் பென் டிரைவில் இருந்தே ஓட்ட முடியும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். வேறு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்டை இறக்கி, ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளால் அதில் எழுதிக்கொள்ளலாம். முடியாதவர்களுக்கு நம் நூலகத்தில் தயாராக வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகலாம். லேப்டாப்பில் செருகி, எழும்பும்போது லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

டெஸ்க்டாப் வந்துவிட்டதா? அப்படியானால் திரையும் கிராஃபிக்ஸ் சிப்பும் நன்றாகவே இருக்கின்றன என்று இதிலேயே தெரிந்துவிட்டது. திரையில் இன்ஸ்டால் என்று ஒரு ஐகான் இருக்கும். அதைத் தொடவே கூடாது. பிள்ளைகளையும் தொட விடக் கூடாது. அது டிஸ்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடும் வழி. கோப்புகள் இருக்கும் ஃபைல்ஸ் ஜன்னலைத் திறந்து, இடப்பக்கம் உங்கள் டிஸ்கின் அளவைக் காட்டும் பெயரைத் தட்டினால், ஹோம் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் எல்லாம் இருக்கும். அனுமதி இல்லை என்று சொன்னால், ஃபோல்டர் மேல் வலது க்ளிக் செய்து ஓப்பன் ஆஸ் ரூட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் போடும்போது என்க்ரிப்ட் செய்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டு இல்லாமல் இந்த வழியிலும் திறக்காது. பூட்டின் வேலையே அதுதான்.

இன்னொரு பென் டிரைவையோ வெளி ஹார்டு டிஸ்கையோ செருகி அதில் நகல் எடுங்கள். சான்றிதழ்கள், பத்திரங்கள் முதலில், பிறகு போட்டோக்கள், சினிமா இருந்தால் அது கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். நகல் முடிந்ததும் நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் போவது உண்டு. பிறகு எஜெக்ட் கொடுத்துவிட்டுப் பிடுங்கவும். இதற்கு மேல் கடைக்காரர் ஃபார்மட் செய்தாலும் நாமே செய்தாலும் கவலை இல்லை.

இந்தப் பாடத்தைச் செய்து பார்த்தும் வழி தெரியாதவர்கள் ஞாயிறு லுஹருக்குப் பிறகு நூலகத்துக்கு லேப்டாப்பைக் கொண்டு வரலாம். பெண்கள் வந்தால் பார்க்கச் சகோதரிகள் இருவர் இருக்கிறார்கள். திரை எந்தக் கட்டத்தில் நின்றது, கடைசியாக அப்டேட் எப்போது போட்டது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பாஸ்வேர்டை எழுதித் தர வேண்டாம், நீங்களே வந்து தட்டிக்கொள்ளலாம். சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள்.